ஹான் சின்: வெற்றியே வினையான படைத்தலைவன்

கி.மு. 206இல் சின் பேரரசு சரிந்தபின், சீன ஆட்சிக்காகப் பொருதவர்களுள் இறுதிவரை நின்றோர் இருவர்: உயர்குடியினனான சியாங் யூ; எளிய குடியிற் பிறந்த லியூ பாங். அப்போட்டியின் முடிவை நிருணயித்தவனோ மூன்றாமவன். அவனே ஹான் சின்.

ஹுவாய்யின் என்னும் ஊரில் வறுமையில் வளர்ந்த அவனுக்கு, ஆற்றங்கரையில் வெளுத்துவந்த முதியவள் ஒருத்தி பல நாள் சோறிட்டாள். முரடன் ஒருவன் தன் கால்களுக்கிடையே நுழைந்து போகுமாறு இகழ்ந்தபோது, இடையில் வாள் இருந்தும் உருவாது தவழ்ந்து சென்றான். சியாங் யூவிடம் அவன் சொல் எடுபடவில்லை. லியூ பாங்கிடமும் உரிய பதவி கிட்டாது வெளியேறியவனை, அமைச்சன் சியாவோ ஹே துரத்திச்சென்று அழைத்துவந்து பெரும்படைத்தலைவனாக்கினான்.

ஜிங்சிங் கணவாயில் சாவோ நாட்டார் இரண்டு லட்சம் வீரரைத் திரட்டியதாக வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதுகிறார். ஹான் சின் 10,000 பேரை ஆற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தினான். போர்முறைக்கு மாறான அவ்வணியைக் கண்டு பகைவர் நகைத்தனர். பின்வாங்க வழியற்ற வீரரோ உயிரைத் துச்சமென மதித்துப் பொருதனர். அவ்வேளையில், மறைந்திருந்த 2,000 குதிரைவீரர் பகைவரின் வெறும் பாசறையிற் புகுந்து செங்கொடிகளை நட்டனர். அவற்றைக் கண்ட சாவோ படை சிதறியோடியது.

பின்னர் சீ நாட்டை வென்று, கி.மு. 203இல் அதன் அரசனாகத் தன்னை அமர்த்துமாறு கேட்டுப் பெற்றான். லியூ பாங் உள்ளத்தில் ஐயம் வேரூன்றியது அப்போதுதான். தனித்து நின்று மூன்றாம் வல்லரசனாகுமாறு குவாய் தோங் அறிவுறுத்தியபோதோ, தனக்கு உடையும் உணவும் தந்தவனுக்குத் துரோகம் செய்யேன் என மறுத்துவிட்டான்.

கி.மு. 202இல் காய்சியாவில் சியாங் யூ வீழ்ந்தான். உடனே ஹான் சின்னின் படை பறிக்கப்பட்டது. சீ நாட்டிலிருந்து சூ நாட்டிற்கு மாற்றப்பட்டான். அங்கே முதியவளுக்கு ஆயிரம் பொன் அளித்தான். இகழ்ந்த முரடனுக்குப் பதவி தந்தான். மறு ஆண்டே கைதாகி, ஹுவாய்யின் பிரபுவாகத் தாழ்த்தப்பட்டான். கி.மு. 196இல் சதிக்குற்றம் சாட்டிய அரசி லூ, சியாவோ ஹேயைக் கொண்டே அவனை அரண்மனைக்கு வரவழைத்துக் கொல்வித்தாள். அவன் சுற்றத்தாரும் அழிக்கப்பட்டனர். உயர்த்தியவனே வீழ்த்தவும் துணையானான்.

பகைவனின் மனத்தை அளந்தறிந்த ஹான் சின், தன் அரசனின் அச்சத்தை அளக்கத் தவறினான். விசுவாசியாகவே இருக்க விழைந்தவன் அரியணையைக் கேட்டிருத்தலாகாது; கேட்டபின் படையை இழந்திருத்தலாகாது. இரண்டிற்கும் இடையில் நின்றதே அவன் வீழ்ச்சிக்கு வழிகோலியது.