புறக்கட்டளைச் சார்பு

ஒரு நிரல் தன் வேலையின் ஒரு பகுதியைக் கணினியில் தனியே நிறுவப்பட்ட வேறொரு கட்டளைவரி நிரலிடம் ஒப்படைத்தால், அந்த இரண்டாவது நிரல் அதன் புறக்கட்டளைச் சார்பு ஆகும். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் இதற்கு நல்ல உதாரணம். ஒலிக்கோப்பைப் பிரித்துப் படிக்க அது எஃப்எஃப்எம்பெக் என்ற நிரலை அழைக்கிறது. எஃப்எஃப்எம்பெக் இல்லாத கணினியில் விஸ்பரால் எந்த ஒலிக்கோப்பையும் படிக்க முடியாது.

ஆகவே, அழைப்பதற்கு முன் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 'பாத்' என்ற சூழல் மாறியில் கோப்புறைகளின் பட்டியல் இருக்கிறது. கட்டளையின் பெயரைத் தட்டியதும் ஷெல் அவற்றை வரிசையாகத் தேடுகிறது. எங்கும் கிடைக்காவிட்டால் யூனிக்ஸ் வகை ஷெல்கள் 127 என்ற முடிவுநிலை எண்ணைத் தருகின்றன. பைத்தானில் 3.3 பதிப்பு முதல் 'விச்' என்ற செயற்கூறு இதே தேடலைச் செய்கிறது. கிடைத்தால் கோப்பின் இடம், இல்லையென்றால் வெற்று மதிப்பு.

பெயர் கிடைத்தால் மட்டும் போதாது.

இமேஜ்மேஜிக்கின் படமாற்றுக் கட்டளைக்கு நெடுங்காலம் 'கன்வர்ட்' என்றே பெயர். விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையிலும் ஒரு 'கன்வர்ட்' உண்டு; அது ஃபேட் வகை வட்டை என்டிஎஃப்எஸ்ஸாக மாற்றுவது. படத்தைச் சிறிதாக்கச் சொன்ன நிரல், ஆள் மாறி வட்டுக்காரரின் கதவைத் தட்டக்கூடும். இமேஜ்மேஜிக்கின் 7-ஆம் பதிப்பில் முதன்மைக் கட்டளை 'மேஜிக்' ஆனது. இப்படிப் பெயர் குழம்பக்கூடும் என்பதால்தான் கவனமான நிரல்கள் கட்டளையை ஒருமுறை இயக்கி, அது சொல்லும் பெயரையும் பதிப்பெண்ணையும் படித்துப் பார்க்கின்றன.

நிறுவும் வழி இயங்குதளத்துக்கு ஒன்றாக இருக்கிறது: உபுண்டுவில் ஆப்ட், மேக்கில் ஹோம்ப்ரூ, விண்டோஸில் விங்கெட். ஆப்ட் நிர்வாகி உரிமை கேட்கும். எனவே பயனரிடம் கேட்காமல் பின்னணியில் நிறுவுவது முறையல்ல. பல நிரல்கள் தட்ட வேண்டிய கட்டளையைத் திரையில் காட்டிவிட்டு நின்றுகொள்கின்றன. உலாவிகளைத் தானாக இயக்கும் பிளேரைட், அவற்றை இறக்குவதற்கென்றே தனிக் கட்டளை வைத்திருக்கிறது. பைத்தானின் 'பிப்' வழியே வரும் 'எஃப்எஃப்எம்பெக்-பைத்தான்' வெறும் இடைமுகம்தான். அசல் நிரலைத் தனியே நிறுவ வேண்டும்.

நிறுவி முடித்த பிறகும் விண்டோஸில் 'கட்டளை இல்லை' என்றே வந்தால், பெரும்பாலும் பழுது எதுவும் இருக்காது. ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினல் பழைய 'பாத்' பட்டியலையே வைத்திருக்கும். அதை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தால் கட்டளை கிடைத்துவிடும்.