கம்பியில்லா மூட்டு

1950களின் கடைசியில் டிரான்சிஸ்டர் தாராளமாகக் கிடைத்தது. அதை இணைப்பதில்தான் தொல்லை. ஒரு கணினிக்குள் ஆயிரக்கணக்கில் டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். ஒவ்வொன்றின் காலையும் கையால் சால்டர் வைக்க வேண்டும். ஒரு மூட்டு விட்டாலும் எந்திரம் படுத்துவிடும். எந்த மூட்டு என்று தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பெல் ஆய்வகத்தின் ஜாக் மார்ட்டன் இதற்கு ‘எண்ணிக்கையின் கொடுங்கோன்மை’ என்றே பெயர் வைத்தார்.

1958 கோடையில், டல்லாஸ் நகரின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் ஜாக் கில்பி புதிதாகச் சேர்ந்திருந்தார். ஜூலையில் மற்றவர்கள் மொத்தமாக விடுமுறையில் போய்விட, விடுப்பு சேராத கில்பி ஆய்வகத்தில் தங்கிவிட்டார். அப்போது உதித்த யோசனையை ஜூலை 24 அன்று குறிப்பேட்டில் எழுதினார்: எல்லாப் பாகங்களையும் ஒரே குறைக்கடத்தித் துண்டிலேயே செய்துவிடலாம். ரெசிஸ்டரைச் சில காசுக்கு வாங்கலாம் என்றிருந்த காலத்தில் அதை விலை உயர்ந்த ஜெர்மானியத்தில் செய்வது வீண்செலவாகத்தான் தோன்றியிருக்கும். ஆனால் துண்டு ஒன்றானால் மூட்டுகள் குறையுமே! அங்கேதான் அவருடைய மேதைமை.

அந்த யோசனைப்படி செய்ததைச் செப்டம்பர் 12 அன்று அதிகாரிகள் முன் வைத்தார். சுமார் 11 மில்லிமீட்டர் நீளம், 1.6 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு ஜெர்மானியத் துண்டு; கண்ணாடித் தகட்டில் ஒட்டியிருந்தது; மேலே தாறுமாறாக நீட்டிக்கொண்டிருந்தன கம்பிகள். மின்சாரம் கொடுத்ததும் ஆசிலோஸ்கோப் திரையில் அலை ஓடியது.

கவனியுங்கள், கம்பி இன்னும் போகவில்லை. உள்ளிருக்கும் பாகங்களைக் கையால்தான் கோத்திருந்தார். அதை ஒழித்தது கலிபோர்னியாவின் ஃபேர்சைல்ட் நிறுவனம். அங்கே ஜீன் ஹோர்னி, சிலிக்கான் மேல் படியும் ஆக்சைடு படலத்தைச் சுரண்டி எடுக்காமல் காப்புப் போர்வையாக அப்படியே விட்டுவைத்தார். அந்தப் போர்வைக்கு மேல் அலுமினியக் கோடுகளைப் படியவைத்தால் அதுவே இணைப்பு என்று 1959 ஜனவரியில் அதே நிறுவனத்தின் ராபர்ட் நாய்ஸ் எழுதிவைத்தார். மூட்டுகள் மொத்தமாக, அச்சடிப்பதுபோல் வந்துவிட்டன. இன்றுவரை சிப் தயாரிப்பின் அடிப்படை அதுதான்.

நிலவுக்குச் சென்ற அப்போலோ கலங்களின் வழிகாட்டிக் கணினியில் இப்படி ஒரே துண்டில் அமைந்த சுற்றுகள், அதாவது ஐ.சி.க்கள், ஏறக்குறைய 2,800 இருந்தன. பெரும்பாலும் ஒரே வகைத் தர்க்கச் சுற்று.

2000இல் கில்பிக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாய்ஸ் 1990லேயே மறைந்துவிட்டார். ஹோர்னி பெயரைப் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. என்னைக் கேட்டால், மற்ற இருவர் பெயரை எழுதும் இடத்திலெல்லாம் அவர் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும்.

(தொடரும்)