காசிமேட்டில் வலை பொத்தும் கலை

கடலோரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் கப்பலைப் பேசுவர், துறைமுகத்தைப் பேசுவர். கிழிந்த வலையைப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும் வடசென்னையின் காசிமேட்டுக் கரையில் நின்று நோக்குவோமாயின், மீன் பிடிப்பதற்கு நிகரான தொழில் வலையைப் பழுது பார்ப்பது என்பது நமக்குப் புலனாகும்.

மணல் முற்றத்தில் வலைகள் உலர்வதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. உலர்த்துவதும் வலையைக் காக்கும் வேலையே. பருத்தியும் சணப்பு நாரும் ஈரத்தில் கிடந்தால் மட்கிவிடும். ஆதலின் நைலான் வருமுன், கரை சேர்ந்ததும் வலையை உலர்த்துவதும், மரப்பட்டையின் துவர்ச்சாற்றில் தோய்த்து வலுவேற்றுவதும் வழக்கமாயிருந்தன.

1935-இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட நைலான், இரண்டாம் உலகப் போருக்குப் பின் நம் கரைகளுக்கும் வந்தது. அது நீரில் மட்குவதில்லை; துவர்ச்சாறும் வேண்டுவதில்லை. ஆனால் வெயில் அதன் வலுவைக் குறைக்கும். கடலடிப் பாறை அதனையும் கிழிக்கும். நூல் மாறியதேயன்றி ஊசியின் வேலை மாறவில்லை.

அவ்வேலையின் நுட்பம் வியக்கத்தக்கது. வலையின் ஒவ்வொரு முடிச்சிலும் நான்கு இழைகள் கூடும். பொத்துவோர் முதலில் நைந்த பிசிறுகளை அறுத்து நீக்குவர். பழுதை நீக்கப் பழுதைச் சற்றே பெரிதாக்க வேண்டியுள்ளது! பின்னர், மூன்று இழைகள் எஞ்சிய ஒரு முடிச்சில் தொடங்கி, கண்ணின் அளவு பிசகாமல் வரிசை வரிசையாகப் பின்னி, மூன்று இழைகள் எஞ்சிய மற்றொரு முடிச்சில் முடிப்பர். அளவு பிசகினால் இழுவிசை ஓரிடத்தில் குவிந்து, வலை மீண்டும் கிழியும்.

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் 2001 முதல் ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலம் கடைப்பிடிக்கப்படுகிறது. முதலில் 45 நாள்களாக இருந்த அது, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள்களாக நீண்டது. விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்நாள்களே படகுக்கும் வலைக்கும் பழுது நீக்கும் பருவம்.

ஆனால், ஊசிக்கு அடங்காத கேடுகளும் உண்டு. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை படகுகளையும் வலைகளையும் வாரிச் சென்றது. 2017 ஜனவரி 28-இல் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியதில் கடலில் எண்ணெய் படர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய், படகுகளிலும் வலைகளிலும் அப்பியது. கிழிசலை ஊசி தைக்கும். எண்ணெய் ஊறிய வலையை எந்த ஊசி மீட்கும்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். பழுது நீக்கும் கையைத் தாழ்வாக எண்ண நமக்கு இடமில்லை. வலையின் கிழிசலைக் காசிமேட்டுத் தொழிலாளர் தம் கையால் அடைத்துக்கொள்வர். அவ்வலை விழும் கடலைத் தூய்மையாக வைத்திருப்பதோ, அக்கடலின் மீனை உண்ணும் நம் அனைவருடைய கடமையுமாகும்.