தனித்தலைவன் இல்லாத துப்பறியும் புதினம்

துப்பறியும் புதினத்தின் தலைவன் நெடுங்காலம் தனியனாகவே உலவினான். 1841இல் எட்கர் ஆலன் போ படைத்த டுப்பேன் தொடங்கி, கானன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் வரை, ஒருவனது மதிநுட்பமே மறைபொருளை வெளிக்கொணர்ந்தது. காவல்துறையினரோ அவனை வியந்து நிற்கவும், சில வேளைகளில் நகைப்புக்கு இடமாகவுமே கதைக்குள் வந்து போயினர். பெருநகர் ஒன்றில் கொலையாளியைத் தேடிப் பிடிப்பவர் மாதச் சம்பளம் பெறும் காவலரே என்னும் எளிய உண்மை புதினத்தில் வேரூன்ற நூறாண்டுக்கு மேலாயிற்று. 1945இல் லாரன்ஸ் டிரீட் அவ்வழியில் அடியெடுத்து வைத்தார். அதனை அகலப் பாதையாக்கியவர் எட் மெக்பெயின்.

இது புனைபெயர். 1926இல் நியூயார்க்கில் இத்தாலிய வழிக் குடும்பத்தில் பிறந்த சால்வட்டோர் லொம்பினோ, 1952இல் ஈவன் ஹண்டர் எனச் சட்டப்படி பெயர் மாற்றிக்கொண்டார். நம் ஆசிரியர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு: 1950இல் பிராங்க்ஸ் பகுதித் தொழிற்பள்ளி ஒன்றில் அவர் சிறிது காலமே பணியாற்றினார். அக்குறுகிய பட்டறிவுதான் 1954இல் 'பிளாக்போர்டு ஜங்கிள்' என்னும் புதினமாகி அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

1956இல் வெளிவந்த 'காப் ஹேட்டர்' 87ஆம் வட்டாரக் காவல் நிலைய வரிசையின் முதல் நூலாகும். நகரைக் கடுங்கோடை வாட்டுகிறது. துப்பறியும் காவலர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சுட்டுக் கொல்லப்படுகின்றனர். காவலரை வெறுப்பவன் எவனோ செய்த வேலை இது என்னும் எண்ணமே அவர்களைத் தவறான வழியில் இழுத்துச் செல்கிறது. விடையை இங்குக் கூறுதல் முறையன்று. மருத்துவ அறிக்கை, படிவம் போன்ற அலுவலகத் தாள்களை உள்ளவாறே போலப் பதித்துக் காட்டியது அந்நூலின் புதுமை. அலுப்பூட்டும் நடைமுறையே அங்குக் கதையாகிறது. நடை உயர்ந்ததென்று சொல்லேன், உரையாடலோ உயிருள்ளது. நகருக்குப் பெயரில்லை. அதன் மையப்பகுதி ஐசோலா. இத்தாலிய மொழியில் 'தீவு' என்பது பொருள். மன்ஹாட்டனை அறிந்தவர் அதனை எளிதில் இனங்கண்டுகொள்வர்.

காவல் நிலையம் முழுவதுமே தலைவன் என்பதே ஆசிரியரின் கொள்கை. ஒருவன் மடியலாம், மற்றொருவன் அவனிடத்திற்கு வரலாம். அதன்படி அதே 1956இல் எழுதிய மூன்றாம் நூலான 'தி புஷர்' கதையில் ஸ்டீவ் கரெல்லா என்னும் காவலனைச் சாகவிட்டார். பதிப்பாளர் தரப்பு அதற்கு இசையவில்லை. கரெல்லாவே தலைவன் என அவர்கள் வாதிட்டனர். முடிவு மாற்றி எழுதப்பட்டது. கூட்டுழைப்பைப் பாட வந்தவரையும் தனித்தலைவன் மீதுள்ள பழைய வேட்கை விட்டபாடில்லை. வணிகம் வென்றது எனச் சிலர் கூறலாம். ஆயினும், செவிப்புலனும் பேச்சும் இல்லாத மனைவி டெடியுடன் கரெல்லா நடத்தும் இல்லறத்தைப் படித்தோர் அம்மாற்றத்தைக் குறைகூறார்.

இவ்வரிசையின் 'கிங்ஸ் ரேன்சம்' (1959) நூலைத் தழுவி, 1963இல் அகிரா குரோசாவா யோகோஹாமா நகரைக் களமாக்கித் திரைப்படம் எடுத்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்களாக வளர்ந்த இவ்வரிசை 2005இல் 'ஃபிட்லர்ஸ்' நூலோடு நின்றது. அவ்வாண்டே ஆசிரியர் மறைந்தார். கரெல்லா அப்போதும் பணியில் இருந்தான்.