பிவா ஏரியின் அமெரிக்க மீன்கள்

ஜப்பானிய நன்னீர் நிலைகளிலிருந்து அகற்றப்பட வேண்டியவை என்று அந்நாட்டுச் சட்டம் இன்று குறிக்கும் பெருவாய் பாஸ், புளூகில் ஆகிய மீன்கள் அங்கே திருட்டுத்தனமாக நுழைந்தவை அல்ல. ஒன்று அரசின் அனுமதியோடும் மற்றொன்று அரச குடும்பத்துக்குரிய பரிசாகவும் வந்து சேர்ந்தவை. வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இவ்விரண்டும் சூரியமீன் குடும்பத்தைச் சேர்ந்தவை. நீரடி மணலில் ஆண்மீன் குழி பறித்து, அதில் இடப்பட்ட முட்டைகளையும் பொரித்த குஞ்சுகளையும் காவல் காப்பது இக்குடும்பத்தின் இயல்பு. முட்டையிட்டதும் விலகிப் போய்விடும் கெண்டையினங்கள் நிறைந்த ஏரிகளில் இந்தக் காவலே இவற்றுக்குப் பெரும் பலமாயிற்று.

அமெரிக்காவில் கல்வி கற்ற தொழிலதிபர் அகாபோஷி டெட்சுமா 1925ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலிருந்து பெருவாய் பாஸ் மீன்களைக் கப்பலில் கொண்டுவந்து, ஹகோனே மலைப்பகுதியிலுள்ள ஆஷி ஏரியில் விட்டார். உணவுக்கும் தூண்டில் விளையாட்டுக்கும் உதவும் மீன் என்பது அவர் எண்ணம். எரிமலையால் உருவான, மற்ற நீர்நிலைகளிலிருந்து ஒதுங்கிய ஏரியைத் தேர்ந்ததிலிருந்து, மீன் பரவிவிடக்கூடும் என்ற எச்சரிக்கை அப்போதே இருந்தது புலனாகிறது.

புளூகிலின் கதை இன்னும் விசித்திரமானது. 1960இல் அமெரிக்கா சென்ற பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்குச் சிகாகோ நகர மேயர் ரிச்சர்ட் டேலி, செவுள் மூடியின் ஓரத்தில் கரும்புள்ளி கொண்ட இச்சிறு மீன்களைப் பரிசளித்தார். கோபி மீன்களின் வகைப்பாட்டில் தேர்ந்த ஆய்வாளரான இளவரசர் அவற்றை மீன்வள ஆய்வு நிலையத்துக்கு வழங்கினார். உணவு மீனாக வளர்க்கலாம் என்ற நம்பிக்கையில் அவை பெருக்கப்பட்டன. முத்துச்சிப்பி வளர்ப்புக்கும் பயன்பட்டன, ஏனெனில் நன்னீர்ச் சிப்பியின் இளவுயிரிகள் சிறிது காலம் மீனின் உடலில் ஒட்டி வாழ்பவை. ஜப்பானெங்கும் இன்றுள்ள புளூகில்கள் ஐயோவா மாநிலத்தின் குட்டன்பர்க் அருகே மிசிசிப்பி ஆற்றில் பிடிபட்ட அந்தச் சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்களே என்பதை மரபணு ஆய்வுகள் பின்னர் காட்டின.

1970களில் செயற்கை இரை கொண்டு தூண்டிலிடும் பழக்கம் இளைஞரிடையே பரவியபோது, பாஸ் மீன்களை நாடெங்கும் மறைவாக விடுவதும் பெருகியது. நாட்டின் மிகப் பெரிய ஏரியான பிவாவில் 1974இல் அவை தென்பட்டன. சோற்றோடு புளிக்கவைத்துச் செய்யும் ஃபுனாசுஷி என்னும் உணவுக்கு ஆதாரமான நிகோரோபுனா மீன் அங்கே அருகியதற்குப் பழி பெரும்பாலும் பாஸின் மேலேயே விழுந்தது. கரை கட்டுவதற்காக நாணற்காடுகளை அழித்து, முட்டையிடும் இடங்களைப் பறித்த மனிதக் கைக்கும் அதில் சமபங்கு உண்டு என்பதே நியாயம்.

பிடித்த அயல்மீனைத் திரும்ப ஏரியில் விடுவதை, பிவா அமைந்துள்ள ஷிகா மாவட்டம் 2002இல் இயற்றிய விதியால் தடுத்தது. 2005இல் நடைமுறைக்கு வந்த தேசியச் சட்டம் இம்மீன்களை உயிரோடு வளர்ப்பதையும் கொண்டு செல்வதையும் தடை செய்தது. 2007இல், பேரரசராகிவிட்ட அகிஹிட்டோ ஷிகாவிலேயே நடந்த ஒரு விழாவில், தாம் கொண்டுவந்த புளூகில்கள் இந்நிலைக்குக் காரணமானதற்கு மனம் வருந்துவதாக வெளிப்படையாகக் கூறினார். அதற்கு இரண்டே ஆண்டுகளில், 10.12 கிலோ எடையுள்ள பெருவாய் பாஸ் ஒன்றை குரிட்டா மனாபு என்பவர் பிவாவில் பிடிக்க, 1932 முதல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்கு மட்டுமே உரியதாயிருந்த, பாஸின் எடைக்கான உலகச் சாதனையில் அம்மீனை ஒழிக்க முயன்றுகொண்டிருந்த ஏரியும் பங்கு பெற்றது.