நிறபேதத்தின் நிழலில் ஒரு தோழமை

வெள்ளையர் ஒருவரும் கறுப்பர் ஒருவரும் உடன்பிறந்தாரைப்போல ஒன்றி வாழ்ந்ததாகக் கூறும் சரித்திரக் கதைகள் ஆங்கில இலக்கியத்திலே பல உண்டு. அமெரிக்க எழுத்தாளர் மார்க் துவெயின் 1884ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹக்கிள்பெரி ஃபின்' என்னும் நவீனம் அவற்றுள் ஒன்று. அடிமைமுறை நிலவிய காலத்தைக் களமாகக் கொண்ட அக்கதையிலே, வீட்டைவிட்டு ஓடிவந்த வெள்ளைச் சிறுவனும், தப்பியோடிய அடிமை ஒருவனும் மிசிசிப்பி ஆற்றிலே ஒரே தெப்பத்தில் பயணம் செய்கின்றனர். தெப்பத்தில் இருக்கும்வரை இருவரும் தோழர். கரையில் கால்வைத்ததும் ஒருவன் ஆளும் இனத்தவன். மற்றவன் விலைக்கு விற்கத்தக்க பொருள். கதாசிரியரின் கற்பனையில் உதித்த இந்நிலை, அடிமைமுறை ஒழிந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரும் அமெரிக்க மண்ணிலே மெய்யாக நிகழ்ந்தது. அல்பிரட் பிளேலொக் என்ற வெள்ளை வைத்தியரும் விவியன் தோமஸ் என்ற கறுப்பினத் தொழிலாளரும் 34 ஆண்டுகள் ஒன்றாக உழைத்த வரலாறு அதற்குச் சான்றாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் உயர்நீதிமன்றம் 1896ஆம் ஆண்டிலே, இனங்களைப் பிரித்துவைப்பது சட்டத்துக்கு முரணானதன்று எனத் தீர்ப்பளித்தது. வசதிகள் சமமாயிருந்தாற் போதும், அவை தனித்தனியே இருக்கலாம் என்பதே அத்தீர்ப்பின் சாரம். நடைமுறையிலோ சமத்துவம் ஏட்டோடு நின்றது. பிரிவினை மட்டும் நாடெங்கும் வேரூன்றியது. தென் மாகாணங்களிலே பாடசாலை, புகைவண்டி, உணவுச்சாலை, மலசலகூடம் ஆகிய யாவும் நிறத்தின்படி பிரிக்கப்பட்டன.

இச்சூழலிலேதான் தோமஸ் 1910ஆம் ஆண்டில் லூயிசியானா மாகாணத்தில் பிறந்தார். டென்னஸி மாகாணத்திலுள்ள நாஷ்வில் நகரில் வளர்ந்தார். தந்தையார் தச்சர்; மகனும் அத்தொழிலையே கற்றார். ஆயினும் வைத்தியராக வேண்டும் என்பதே அவருடைய உள்ளக்கிடக்கை. அதற்கெனச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துவந்தார். 1929ஆம் ஆண்டிலே நேர்ந்த பொருளாதார வீழ்ச்சியைத் தொடர்ந்து வங்கிகள் முறிந்தபோது, அவர் சேமிப்பும் அதனோடு அழிந்தது.

1930ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், வாரம் 12 டொலர் சம்பளத்துக்கு அவர் வாண்டபில்ட் சர்வகலாசாலையின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே அவரை நியமித்தவரே பிளேலொக். ஜோர்ஜியா மாகாணத்திலே வசதிமிக்க வெள்ளைக் குடும்பத்திற் பிறந்த அவர் தோமஸைவிட 11 வயது மூத்தவர். சத்திரசிகிச்சையின் நுட்பங்களையும் இரசாயனப் பரிசோதனைகளையும் அவர் கற்பிக்கத் தோமஸ் வியக்கத்தக்க விரைவில் கற்றுக்கொண்டார். படுகாயமுற்றவர்களுக்கு உண்டாகும் அதிர்ச்சிநிலைக்கு இரத்தமும் உடல்நீரும் இழக்கப்படுவதே காரணம் என இருவரும் கண்டறிந்தனர். இரண்டாம் உலகப்போரிலே காயமுற்ற போர்வீரர் பலர் உயிர்பிழைப்பதற்கு இவ்வாராய்ச்சி துணைசெய்தது.

அவர்களிடையே நட்பு எளிதில் அமைந்துவிடவில்லை. வேலைக்குச் சேர்ந்த சில காலத்துள், சிறு தவறொன்றின் பொருட்டுப் பிளேலொக் சினந்து தகாத சொற்களை வீசினார். தோமஸ் அமைதியாக உடைமாற்றிக்கொண்டு, இத்தகைய பேச்சைப் பொறுத்துக்கொள்ளத் தாம் வளர்க்கப்படவில்லை என்று கூறி விடைபெற முற்பட்டார். வேலையின்மை தாண்டவமாடிய நாளிலே, கறுப்பின இளைஞர் ஒருவர் வெள்ளை மேலாளரை எதிர்த்து இவ்வாறு பேசுவது எளிய காரியமன்று. பிளேலொக் மன்னிப்புக் கேட்டார். பின்னர் அச்சொல்லைக் காத்தும் வந்தார். பிற்காலத்து நட்பு முழுவதும் இந்த ஒரு நாளின்மீதே எழுந்தது எனலாம்.

ஆயினும் ஆராய்ச்சியாளரின் பணியைச் செய்த தோமஸ், சர்வகலாசாலையின் சம்பளப் பதிவேட்டிலே கூட்டித் துடைக்கும் ஊழியராகவே குறிக்கப்பட்டிருந்தார். அதனை அறிந்து அவரே முறையிட்ட பின்னர்தான் ஊதியம் திருத்தப்பட்டது.

1937ஆம் ஆண்டில் டிட்ராயிட் நகரின் பெரிய வைத்தியசாலை ஒன்று பிளேலொக்குக்கு உயர்பதவி அளிக்க முன்வந்தது. அங்கே கறுப்பினத்தவரை வேலைக்கமர்த்தும் வழக்கம் இல்லை என்றறிந்ததும் அவர் அப்பதவியை மறுத்துவிட்டார். 1941ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலைக்குச் சத்திரசிகிச்சைத் தலைவராகச் சென்றபோது தோமஸையும் உடனழைத்துச் சென்றார். அங்கே கறுப்பின ஊழியர் என்போர் துப்புரவுத் தொழிலாளரே. ஆகவே வெள்ளை மேலங்கி அணிந்து தோமஸ் நடைகூடத்தில் சென்றபோது, கண்டோர் நின்று திரும்பிப் பார்த்தனர்.

குழந்தை வைத்திய நிபுணரான ஹெலன் டவுசிக் அம்மையார் 1943ஆம் ஆண்டிலே இவர்களிடம் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தார். பிறவியிலேயே இருதயக் கோளாறுடைய சில குழந்தைகளுக்கு நுரையீரலிற் போதிய இரத்தம் சென்று சேர்வதில்லை. அதனால் அவர்கள் உடல் நீலம் பாய்ந்து, பலர் இளமையிலேயே மாண்டனர். கைக்குச் செல்லும் நாடியொன்றைத் திருப்பி நுரையீரல் நாடியுடன் பொருத்தினால் இக்குறை தணியுமா என்பதே கேள்வி. ஏறக்குறைய 200 நாய்களில் சோதனை செய்து அதற்கு வழிகண்டவர் தோமஸ். பொருத்தமான ஊசிகளும் கருவிகளும் இல்லாதபோது, தச்சுவேலையிற் பழகிய அவர் கைகளே அவற்றைத் திருத்தி அமைத்தன.

1944ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், 15 மாதப் பெண்குழந்தை ஒன்றுக்கு முதன்முதலாக அச்சிகிச்சை நடைபெற்றது. கத்தி பிடித்தவர் பிளேலொக். அவர் வேண்டியபடி அவர் தோளின் பின்னே சிறு படியொன்றில் ஏறிநின்று, ஒவ்வொரு தையலுக்கும் வழிகாட்டியவர் தோமஸ். அக்குழந்தை சில மாதங்களே உயிர்வாழ்ந்தது. ஆயினும் வழி திறந்துவிட்டது. பின்வந்த ஆண்டுகளிலே பல நூறு குழந்தைகள் அச்சிகிச்சையால் மீண்டனர். 1945ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையிலே இச்சாதனை வெளியிடப்பட்டது. அக்கட்டுரையில் பிளேலொக்கின் பெயரும் டவுசிக்கின் பெயரும் இருந்தன. தோமஸின் பெயர் இல்லை.

ஆராய்ச்சிக்கூடத்தினுள் இருவரும் ஒருவர் கருத்தை ஒருவர் தயக்கமின்றி எடுத்துரைத்தனர். வெளியிலோ, குடும்பச் செலவுக்குப் பணம் போதாமையால், பிளேலொக் வீட்டு விருந்துகளில் மது பரிமாறும் பணியாளாகவும் தோமஸ் நின்றார். பகலில் தம்மிடம் சத்திரசிகிச்சை பயின்ற இளம் வைத்தியருக்கே மாலையில் கிண்ணம் நிரப்ப நேர்ந்தது. கல்லூரியிற் சேர்ந்து வைத்தியராகும் எண்ணம் மீண்டும் எழுந்தபோது, முதல் வகுப்பிலிருந்தே தொடங்கவேண்டும் என்றனர். படித்து முடியும்போது வயது 50 ஆகிவிடும் எனக் கணக்கிட்டு, அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். நண்பருக்காகப் பதவியையே துறந்த பிளேலொக், அந்நண்பரின் பெயரை உலகறியச் சொல்லத் துணியவில்லை. அன்பு இல்லாமையால் நேர்ந்ததன்று இது. ஊரார் வழக்கத்தை மீறும் துணிவு அன்பின் அளவுக்கு வளராமையால் நேர்ந்தது.

பாடசாலைகளில் இனப்பிரிவினை சட்டவிரோதம் என 1954ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது இடங்களில் அதனைத் தடைசெய்யும் குடியுரிமைச் சட்டம் 1964ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதே ஆண்டிலே பிளேலொக் காலமானார். தோமஸிடம் பயின்று புகழ்பெற்ற சத்திரவைத்தியர்கள், தம் ஆசானின் உருவப்படத்தை வரைவித்து 1971ஆம் ஆண்டில் சர்வகலாசாலைக்கு வழங்கினர். அது பிளேலொக்கின் படத்தருகே இடம்பெற்றது. 1976ஆம் ஆண்டிலே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சர்வகலாசாலை தோமஸுக்குக் கௌரவ கலாநிதிப் பட்டமளித்தது. அது வைத்தியத் துறைப் பட்டமன்று, சட்டத்துறைப் பட்டமே. எனினும் அன்றுமுதல் அவர் கலாநிதி தோமஸ் ஆனார். 1985ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 2004ஆம் ஆண்டில் இருவர் வரலாறும் திரைப்படமாக வந்தது.

இத்தகைய தோழமையைக் கதையாக்குவோர், இரு கைகள் இணைந்த காட்சியோடு முடித்துவிடவே பெரிதும் விரும்புவர். இணைந்த கைகளுள் ஒன்று ஏட்டிலே பெயரின்றி இருந்த காலத்தையும் அவர்கள் கூறல் வேண்டும். தனியறையில் தோழனாய் நடத்துவோன், சபையிலும் அவனைத் தோழன் என்று சொல்லும்போதே சகோதரத்துவம் நிறைவெய்துகிறது. பிளேலொக் சொல்லாது விட்ட அச்சொல்லை, அவர்தம் மாணவரே பின்னர் சபையறியச் சொல்லிக் கடன் தீர்த்தனர்.