நெய்யும் அதன் போலியும்

நம் சங்க ஆண்டு விழாவில் வழங்கும் சர்க்கரைப் பொங்கலில் நெய் கையில் வழிய வேண்டும் என்பது எழுதாத விதி. அந்நெய்யை எங்கே வாங்குவது என்பதே விழாக் குழுவில் ஆண்டுதோறும் நெடுநேரம் பேசப்படும் விஷயம். ஊத்துக்குளியிலிருந்து வருவிப்பதே தக்கது என்பார் ஒரு சாரார். இவ்வூர்க் கடைத்தெருவில் விற்கும் 'தேசி கீ'யே போதும் என்பார் மற்றொரு சாரார். இந்த ஐயம் நமக்கு மட்டும் உரியதன்று. பாரத நாடு முழுவதும் நூறாண்டுகளுக்கு மேலாக நிலவி வருவது. அதன் வரலாற்றை ஈண்டுச் சிறிது கூற விழைகின்றோம்.

நெய்யின் பழமையைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. வேதங்கள் அதனைக் கிருதம் என்கின்றன. சரகர் கொழுப்புப் பொருள்களை நால்வகையாகப் பகுத்து, நெய்யையே தலைசிறந்ததாக வைத்தார். பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள் நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொள்ளாமல் எருமையையும் பசுவையும் கொள்கிறாள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் இடையரிடம் ஒப்புவிக்கப்பட்டன. அவர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். இறப்பைப் பிறப்பு ஈடுசெய்யும் ஆதலின், இத்தகைய மந்தையைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கின்றன. ஆட்டுப்பால் நெய் என்றால் இன்று நம் வீட்டுப் பெண்டிர் முகம் சுளிப்பர்!

வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர் உண்டு. அதனைக் காய்ச்சி நீரையும் கசண்டையும் நீக்கிவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. வெண்ணெய் கருகும் சூட்டிலும் நெய் கருகாது. தாளிப்புக்கு அது உகந்தமைக்கு இதுவே காரணம். வைட்டமின் 'ஏ' சத்தும் அதில் உண்டு. ஆயினும் அதன் கொழுப்பில் பாதிக்கு மேற்பட்டது இதயத்துக்கு அளவோடு கொள்ளவேண்டிய வகையாதலின், பருப்புச் சாதத்துக்கு ஒரு கரண்டி என்ற நம் முன்னோர் வழக்கை விருந்தன்று மட்டும் மீறுதல் நலம்.

விலையுயர்ந்த பொருளுக்குப் போலி தோன்றுவது இயல்பு. 1917-இல் கல்கத்தாவில் விற்ற நெய்யில் பெரும்பகுதி கொழுப்புக் கலப்படம் என்று தெரிய வந்தபோது நகரமே கொதித்தெழுந்தது. அறியாமல் அதனை உண்டுவிட்ட அந்தணர் பலர் ஹூக்ளி நதிக்கரையில் பிராயச்சித்தம் செய்துகொண்டனர். மார்வாரி சமூகத்தார் தம் இனத்து வணிகர் என்றும் பாராது, குற்றவாளிகளுக்கு அபராதம் விதித்தனர். சட்டசபையும் அவ்வாண்டே சட்டம் இயற்றிற்று.

ஆனால் பெரிய போலி அதன் பின்னரே வந்தது. திரவ எண்ணெயில் நீரக வாயுவைச் செலுத்திக் கெட்டிப்படுத்தும் முறைக்கு ஜெர்மானியர் வில்ஹெல்ம் நார்மன் 1902-இல் காப்புரிமை பெற்றார். அம்முறையில் ஆன பொருள் முதலில் ஹாலந்திலிருந்து வந்தது. பின்னர் பம்பாயிலேயே ஆலை எழுந்தது. 1937-இல் 'டால்டா' என்ற பெயர் பிறந்தது. மஞ்சள் டின்னில் பனைமரப் படம். அக்காலியான டின்களில் துளசியும் கறிவேப்பிலையும் வளர்ந்த ரயில்வே குடியிருப்புகளில்தான் நம்மில் பலர் பிள்ளைப் பருவத்தைக் கழித்தோம். 'வனஸ்பதி' என்ற சொல்லுக்கு வனத்தின் தலைவன் என்று பொருள். ஆலையில் பிறந்த பொருளுக்கு என்னே பெயர்!

வனஸ்பதியை வனஸ்பதி என்றே விற்றிருந்தால் வழக்கில்லை. நெய்யைப் போலவே மணல் மணலாக உறையும்படி செய்ததனால், நெய்யில் கலப்பது எளிதாயிற்று. காந்தியடிகள் 1946-இல் 'ஹரிஜன்' இதழில் இதனைக் கண்டித்தெழுதினார். 1950-இல் வனஸ்பதி உற்பத்தியையே தடுக்க வேண்டுமென்று தாகூர் தாஸ் பார்க்கவா பாராளுமன்றத்தில் மசோதா கொணர்ந்தார், அது நிறைவேறவில்லை. வனஸ்பதிக்கு நிறமேற்றிவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. தீங்கற்றதும், கலப்படக்காரன் எளிதில் நீக்க முடியாததுமான நிறம் அகப்படவில்லை.

இறுதியில் கைகொடுத்தது நம் நல்லெண்ணெய். வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்கு நல்லெண்ணெய் கலத்தல் வேண்டும் என்று அரசு விதித்தது. நல்லெண்ணெயில் ஃபர்ஃபூராலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்தால் சிவப்பு நிறம் தோன்றும். பௌடோயின் சோதனை என்பது இதுவே. நெய்யில் இந்நிறம் தோன்றினால் வனஸ்பதி கலந்தது என்று கொள்ளலாம். 'நெய்' என்பது பண்டு எல்லாக் கொழுப்புக்கும் பொதுப்பெயர். எள்ளின் நெய்யே எண்ணெய் ஆயிற்று. அந்த எள்நெய்யே பால்நெய்க்குச் சாட்சி சொல்ல வந்தது நமக்குப் பெருமையே.

மற்றொரு சோதனையும் உண்டு. ரெய்க்கர்ட் எண் என்பது தூய நெய்யில் பொதுவாக 28-க்குக் குறையாது. ஆனால் பருத்திக்கொட்டை மிகுதியாகத் தின்னும் கத்தியவார் மாடுகளின் நெய்யில் அது குறைந்தே இருக்கும். ஆகவே அப்பகுதிக்குத் தனி அளவு வகுக்கப்பட்டது. இல்லையேல் நேர்மையான இடையனும் கள்வனாகியிருப்பான்.

காலம் வேறொரு விதமாகவும் தீர்ப்பளித்தது. நெய்க்கு மாற்றாகப் புகழப்பட்ட வனஸ்பதியின் 'டிரான்ஸ்' கொழுப்பே இதயத்துக்குப் பெருந்தீங்கு என ஆராய்ச்சிகள் கூறின. உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதன் அளவை 2021 ஜனவரியில் நூற்றுக்கு 3 ஆகவும், 2022 ஜனவரியில் 2 ஆகவும் குறைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் விழாவுக்கு வாங்கிய நெய்யில் ஐயமுற்று, கல்லூரியில் ரசாயனம் பயிலும் நம் குடியிருப்புப் பிள்ளையிடம் ஒரு சிறு புட்டி கொடுத்தனுப்பினோம். மாலையில் அவன் திரும்பிவந்து, சோதனைக் குழாய் ரோஜா நிறமாயிற்று என்றான். கடைக்காரரோ, பத்தாண்டு வாடிக்கையாளரைச் சந்தேகிக்கலாமா என்று நம்மையே கடிந்துகொண்டார். விழாவுக்கோ இரண்டே நாள். வீடுதோறும் ஆளுக்கொரு கிண்ணம் வெண்ணெய் திரட்டி, மாதர் கூடிக் காய்ச்சினர். முருங்கைக்கீரை ஒரு கொத்து விழுந்ததும் எழுந்த மணம் பிளாட்பாரம் வரை சென்றது. அதுமுதல் கோடை விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் குடும்பம் ஒன்று ஊத்துக்குளி டின் ஒன்றைத் தன் பெட்டிகளோடு கொண்டுவருவது வழக்கமாயிற்று. இவ்வாண்டு அம்முறை எம்முடையது. டின் பத்திரமாக வந்து சேர்ந்து, சங்க அலமாரியில் இருக்கிறது.